கினிப்பன்றியின் கல்லும் குன்னூரின் எலிகளும்

போன பிப்ரவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. கூண்டுக்குள் விரித்திருந்த பழைய பேப்பரை மாற்றப் போன மகள், அதை அப்படியே கையில் பிடித்துக்கொண்டு சமையலறை வாசலில் வந்து நின்றாள். "அப்பா, மிளகுக்கு பீட்ரூட் கொடுத்தீங்களா?" கொடுக்கவில்லை. பேப்பரில் நாலைந்து இடத்தில் சிவப்புக் கறை.

மிளகு எங்கள் வீட்டுக் கினிப்பன்றி. கருப்பு உடம்பு, நெற்றியில் ஒரு வெள்ளைப் பொட்டு, வயது மூன்றரை. மாற்றலாகி லூதியானா வந்த புதிதில், பாஷை தெரியாமல் பள்ளிக்கூடத்தில் தனியாக உட்கார்ந்திருந்த மகளுக்காக 800 ரூபாய்க்கு வாங்கியது. அன்றைக்குக் கவனித்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது, சிறுநீர் கழிக்கும்போது முதுகைக் கூனிக்கொண்டு கீச்சென்று கத்துகிறது. நீர்க்கடுப்பு வந்த குழந்தை அழுமே, அதே மாதிரி.

பக்கத்துத் தெருவில் நாய், பூனை பார்க்கும் டாக்டர் ஒருவர் இருக்கிறார். சிறுநீர்த் தொற்று என்று சொல்லி ஒரு சிரப் எழுதிக் கொடுத்தார். அமாக்ஸிசிலின். நம் பிள்ளைகளுக்கு எத்தனை தடவை கொடுத்திருப்போம், பழகின பெயர்தானே என்று இரண்டு வேளை கொடுத்தோம். மூன்றாம் வேளைக்கு மிளகு புல்லைத் தொடவில்லை. மூலையில் உடம்பைச் சுருட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டது.

மறுநாள் அரை நாள் லீவு போட்டு, முயல், கினிப்பன்றியெல்லாம் பார்த்துப் பழகிய இன்னொரு டாக்டரிடம் கொண்டு போனேன். சிரப் பாட்டிலைப் பார்த்ததுமே அவர் முகம் மாறிவிட்டது. எக்ஸ்ரே எடுத்தார். சிறுநீர்ப்பையில் பட்டாணி அளவுக்கு வெள்ளையாக ஒரு கல். ஒரு துண்டுச் சீட்டில் மூன்று வரி எழுதிக் கொடுத்தார்.

ஒன்று, பென்சிலின் வகை மருந்து வாய்வழியாக எப்போதும் கூடாது. இரண்டு, வைட்டமின் சி தினமும் வேண்டும். மூன்று, பர்சீம் தீவனத்தை நிறுத்தவும், காய்ந்த புல் மட்டும்.

"முதலில் சாப்பிட வையுங்கள். தேறிவிட்டால் பத்து நாளில் கல்லை எடுத்துவிடலாம்" என்றார்.

அடுத்த மூன்று இரவுகள் தங்கமணியும் நானும் முறை வைத்து விழித்திருந்தோம். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை, தீவன உருண்டையை நீரில் கரைத்து ஊசியில்லாத சிரிஞ்சால் வாயோரம் ஊட்ட வேண்டும். நடுவில் தூக்கம் வராமல் படிக்க ஆரம்பித்தேன். அந்தத் துண்டுச் சீட்டின் மூன்று வரிக்கும் பின்னால் மூன்று பெரிய கதைகள் இருக்கின்றன. அதில் ஒன்று நம்ம குன்னூரில் நடந்தது. நான் பி.காம். படித்தவன், மருத்துவம் எனக்குத் தெரியாது. ஆனால் யார் கணக்கில் எவ்வளவு பற்று என்று பார்ப்பது தொழில். அந்தக் கணக்குதான் இது.

சமையலறையிலிருந்து சோதனைச்சாலைக்கு

முதலில் பெயர். இது பன்றியும் இல்லை, ஆப்பிரிக்காவின் கினியிலிருந்து வந்ததும் இல்லை. எலி, அணில் மாதிரி கொறிக்கும் இனம். சொந்த ஊர் தென்னமெரிக்காவின் ஆண்டீஸ் மலை. இன்றைய பெரு, பொலிவியா, ஈக்வடார் பக்கத்து மக்கள் சில ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே இதை வீட்டில் வளர்க்கத் தொடங்கிவிட்டார்கள். அங்கே இதன் பெயர் 'கூய்'. வளர்த்தது கொஞ்சுவதற்காக இல்லை, சாப்பிடுவதற்காக. அடுப்படியில் ஓடித் திரிந்து காய்கறித் தோலைத் தின்று வளரும். விருந்தாளி வந்தால் குழம்பாகிவிடும். நம் கிராமத்து வீட்டுக் கோழி மாதிரி. பெருவின் குஸ்கோ நகரத் தேவாலயத்தில் 18-ஆம் நூற்றாண்டில் மார்கோஸ் சபாட்டா வரைந்த 'கடைசி விருந்து' ஓவியம் இருக்கிறது. இயேசுவின் முன்னால் தட்டில் கிடப்பது கூய்தான் என்று அந்த ஊர்க்காரர்கள் சொல்கிறார்கள்.

16-ஆம் நூற்றாண்டில் ஸ்பெயின்காரர்கள் மூலம் ஐரோப்பாவுக்குப் போனது. 1554-இல் சுவிட்சர்லாந்தின் கான்ராட் கெஸ்னர் இதைப் பற்றி எழுதிவிட்டார். 1580 வாக்கில் வரைந்த ஓர் ஆங்கில ஓவியத்தில் ஒரு பணக்கார வீட்டுச் சிறுமி இதைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறாள். சட்டியிலிருந்து மடிக்கு வந்துவிட்டது என்று சந்தோஷப்படலாம். ஆனால் அடுத்த நிறுத்தம் சோதனைச்சாலை.

1782-83 குளிர்காலத்தில் பாரிஸில் லவாய்சியரும் லாப்லாஸும் ஒரு கினிப்பன்றியைப் பனிக்கட்டி சூழ்ந்த பாத்திரத்துக்குள் வைத்து, அதன் உடல் சூட்டில் எவ்வளவு பனி உருகுகிறது என்று அளந்தார்கள். மூச்சு விடுவதும் ஒரு வகை மெதுவான எரிதல்தான் என்று காட்டிய சோதனை அது. நூறு வருடம் கழித்து, 1882-இல் ராபர்ட் கோக் காசநோய்க் கிருமியைக் கண்டு சொன்னபோது, அதை நிரூபிக்க உதவியதும் கினிப்பன்றிகள்தான். காசம் இவற்றுக்கு அத்தனை சுலபமாகத் தொற்றும். சோதனைக்கு ஆளாகிறவரை 'கினி பிக்' என்று சொல்லும் வழக்கம் இங்கிருந்துதான் வந்தது.

இரண்டாம் வரி: வைட்டமின் சி

சீட்டின் இரண்டாம் வரியை முதலில் எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் வரிசைப்படி அதுதான் மூத்தது.

1890-களில் டச்சுக்காரர்களின் படேவியாவில், அதாவது இன்றைய ஜகார்த்தாவில், கிறிஸ்டியான் எய்க்மன் என்ற டாக்டர், தீட்டிய வெள்ளை அரிசி தின்ற கோழிகளுக்குக் கால் விளங்காமல் போவதைப் பார்த்தார். தவிடு கொடுத்தால் சரியாகிவிட்டது. பெரிபெரி நோயின் குட்டு அப்படித்தான் உடைந்தது. நார்வே கப்பல்களிலும் மாலுமிகளுக்கு இதே போல் ஒரு நோய். கிறிஸ்டியானியா (இன்றைய ஆஸ்லோ) பல்கலைக்கழகத்தின் ஆக்சல் ஹோல்ஸ்ட் படேவியாவுக்கே போய்ப் பார்த்துவிட்டு வந்து, தம் ஊரில் சோதனை ஆரம்பித்தார். முதலில் புறாக்கள். பிறகு, பாலூட்டியாக இருந்தால் மனிதனுக்குக் கிட்டத்தில் இருக்குமே என்று கினிப்பன்றிக்கு மாறினார். தானியமும் ரொட்டியும் மட்டும் கொடுத்தார்.

பெரிபெரி வரவில்லை. ஈறில் ரத்தம், ஆடும் பல், முறியும் எலும்பு. ஸ்கர்வி! முட்டைக்கோசும் எலுமிச்சைச் சாறும் கொடுத்தால் வராது. ஹோல்ஸ்டும் தியோடர் ஃப்ரோலிக்கும் 1907-இல் இதை வெளியிட்டார்கள். தேடிப் போனது ஒன்று, கிடைத்தது இன்னொன்று.

எலி, கோழி, புறா, நாய், பசு எல்லாம் வைட்டமின் சி-யைத் தங்கள் உடம்பிலேயே தயாரித்துக்கொள்ளும். மனிதனாலும் குரங்கினாலும் முடியாது. கினிப்பன்றியாலும் முடியாது. அதைச் செய்யும் கடைசி நொதி மனிதனுக்கும் கெட்டுப்போயிருக்கிறது, இதற்கும் கெட்டுப்போயிருக்கிறது. ஹோல்ஸ்ட் எலியையே எடுத்திருந்தால் ஒன்றுமே தெரிந்திருக்காது.

இந்தக் கதையில் நம் ஆட்களும் வருகிறார்கள். முதல் உலகப் போரில், 1915 டிசம்பர் முதல் 1916 ஏப்ரல் வரை, மெசபடோமியாவின் கூட் நகரில் பிரிட்டிஷ் இந்தியப் படை முற்றுகையில் சிக்கிக்கொண்டது. வெள்ளை ரொட்டி தின்ற ஆங்கிலச் சிப்பாய்களுக்குப் பெரிபெரி. கோதுமை, பார்லி மாவு தின்ற இந்தியச் சிப்பாய்களுக்கு அது வரவில்லை. ஆனால் ஸ்கர்வி வந்தது. பச்சைக் காய்கறி இல்லை. குதிரை இறைச்சியை வெகு நாள் அவர்கள் தொடவில்லை. ஒரே முகாம், இரண்டு சாப்பாடு, இரண்டு நோய்.

பாலைவனத்தில் இந்தியச் சிப்பாய்க்கு எதைக் கொடுப்பது? லண்டன் லிஸ்டர் இன்ஸ்டிடியூட்டில் ஹாரியட் சிக் என்ற அம்மையாரும் அவர் தோழிகளும் உட்கார்ந்து, நம் வீட்டு அஞ்சறைப்பெட்டிச் சரக்கையெல்லாம் சோதித்தார்கள். முளைகட்டிய பருப்பு, புளி, கோகம், மாங்காய் வற்றல் (இங்கே ஆம்சூர்). 1919-இல் கட்டுரையே வந்தது. காய்ந்த புளியும் மாங்காயும் புதுப்பழத்துக்குக் கிட்டே வர முடியவில்லை. முளைகட்டிய பயறு நன்றாகவே வேலை செய்தது. நாம் ஊறவைத்து முளைகட்டும் பயறுக்கு லண்டனில் சான்றிதழ் வாங்கிக் கொடுத்தது கினிப்பன்றிதான்.

பிறகு ஒரு சாமானில் எவ்வளவு சத்து என்று அளப்பதற்கே கினிப்பன்றிதான் தராசு. 1922-இல் நியூயார்க்கில் ஷெர்மன் குழு வகுத்த முறையில் சோதனை சுமார் மூன்று மாதம் ஓடும். அதற்குள் ஸ்கர்வி வந்ததா, வரவில்லையா என்பதே விடை. இந்த மூன்று மாதக் கணக்கை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும். கடைசியாக ஹங்கேரியின் செகெட் நகரில் ஆல்பர்ட் செண்ட்-ஜியார்ஜி கையில் இருந்த ஒரு வெள்ளைத் தூளைக் கினிப்பன்றிகளுக்குக் கொடுத்துப் பார்த்து, அதுதான் வைட்டமின் சி என்று 1932-இல் உறுதியானது. அமெரிக்காவில் கிங் என்பவரும் அதே சமயத்தில் அதையே சொன்னார். செண்ட்-ஜியார்ஜி அதைக் கிலோக்கணக்கில் பிரித்தெடுத்தது எதிலிருந்து தெரியுமா? அந்த ஊர் மிளகாயிலிருந்து. 1937-இல் நோபல் பரிசு.

மிளகுக்கு டாக்டர் சொன்ன காயும் குடைமிளகாய்தான். வைட்டமின் சி குறைந்தால் ரத்தக் குழாய்கள் பலவீனமாகும், சிறுநீர்ப்பையில் புண்ணும் தொற்றும் சுலபமாக வரும் என்றார்.

முதல் வரி: பென்சிலின்

1940 மே 25. ஆக்ஸ்ஃபோர்டில் ஃப்ளோரியின் குழு எட்டு சுண்டெலிகளுக்குக் கொடிய கிருமியைச் செலுத்தி, நான்குக்கு மட்டும் பென்சிலின் போட்டது. மருந்து போடாத நான்கும் விடிவதற்குள் செத்துவிட்டன. போட்டவை பிழைத்தன. நவீன மருத்துவத்தின் திருப்புமுனை நாள் அது.

1943-இல் அமெரிக்காவில் ஹாம்ரே என்பவரும் அவரது சகாக்களும் ஒரு செய்தி வெளியிட்டார்கள். பென்சிலின் போட்ட கினிப்பன்றிகள் இறக்கின்றன. சுண்டெலிகளுக்கு இப்படி ஆகவில்லை. காரணம் பின்னால்தான் விளங்கியது. கினிப்பன்றி புல்லைச் செரிப்பதே அதன் பெருங்குடலில் இருக்கும் நல்ல பாக்டீரியாக்களை நம்பித்தான். பென்சிலின் அவற்றைத் துடைத்துவிடும். அந்தக் காலி இடத்தில் விஷம் கக்கும் வேறு கிருமிகள் பெருகி, சில நாளில் பிராணியைக் கொன்றுவிடும். அமாக்ஸிசிலினும் பென்சிலின் குடும்பம்தான்.

1940-இல் ஃப்ளோரி சுண்டெலிக்குப் பதில் கினிப்பன்றியை எடுத்திருந்தால், "விஷம்" என்று எழுதி மருந்தை மூட்டை கட்டியிருக்கலாம். சோதனைக்கென்றே பெயர் வாங்கிய பிராணி, அந்த ஒரு சோதனையில் இல்லாமல் போனது மனிதகுலத்தின் அதிர்ஷ்டம்.

80 வருடத்துக்கு முன்னால் அச்சில் வந்த செய்தி அது. எங்கள் தெரு டாக்டரைக் குறை சொல்லி என்ன பயன்? நாளுக்கு நாற்பது நாய் பார்க்கிறவர். பாட்டிலைத் திறக்குமுன் ஒரு தடவை விசாரிக்காதது என் தப்பும்தான். வங்கியில் எந்தக் காகிதத்தையும் இரண்டு பேர் பார்க்காமல் நான் பாஸ் பண்ணுவதில்லை.

மூன்றாம் வரி: கல்

கல்லடைப்பு மனிதனின் மிகப் பழைய வியாதிகளில் ஒன்று. எகிப்தின் எல் அம்ரா கல்லறையில் 1901-இல் எலியட் ஸ்மித் எடுத்த ஓர் இளைஞனின் எலும்புக்கூட்டில் சிறுநீர்ப்பைக் கல் இருந்தது. வயது ஆறாயிரம் வருடத்துக்கு மேல் என்றார்கள். சுசுருதர் கல்லை அறுத்தெடுக்கும் முறையை விளக்கமாக எழுதியிருக்கிறார். அபாயமான காரியம் என்பதால் அரசனிடம் சொல்லி அனுமதி வாங்கிவிட்டுச் செய் என்பது அவர் அறிவுரை. இன்றைய 'கன்சென்ட் ஃபார்ம்'! லண்டனில் நாட்குறிப்பு எழுதிப் புகழ்பெற்ற சாமுவேல் பெப்பிஸுக்கு 1658 மார்ச் 26-இல் மயக்க மருந்தே இல்லாத காலத்தில் கல்லை எடுத்தார்கள். பிழைத்த மனிதர் வருடாவருடம் அந்த நாளைக் கொண்டாடினார். கல்லை வைக்கத் தனியாக ஒரு பெட்டியும் செய்துகொண்டார்.

நம் நாட்டில் இது குழந்தைகளின் நோய். அதுவும் எல்லா ஊரிலும் இல்லை. பஞ்சாப், சிந்து, வடமேற்கு எல்லை மாகாணம், இங்கெல்லாம் ஏழை வீட்டுச் சின்னப் பையன்களுக்குச் சிறுநீர்ப்பையில் கல். பாஸ்டனில் பிகலோ 1878-இல் கல்லை உள்ளேயே நொறுக்கி வெளியேற்றும் முறையைக் கொண்டுவந்தார். அதைச் சிறுவர்களுக்கும் செய்யலாம் என்று 1880-களில் காட்டியவர் இந்தூரில் இருந்த கீகன். அத்தனை பையன்கள் வந்திருக்கிறார்கள். ஆனால் சென்னை மாகாணத்து அரிசிச் சோற்றுக்காரர்களிடம் இந்தக் கல் அபூர்வம். ஏன்?

இந்தக் கேள்வியைக் கையில் எடுத்தவர் குன்னூரில் இருந்தார். பெயர் ராபர்ட் மெக்கரிசன். ஊட்டி போகும்போது குன்னூரில் பாஸ்டர் இன்ஸ்டிடியூட்டைப் பார்த்திருப்பீர்கள். 1907-இல் நாய்க்கடி மருந்துக்காகத் தொடங்கிய இடம். அங்கே 1918-இல் ஒரே ஓர் அறையில் மெக்கரிசன் தொடங்கிய ஆராய்ச்சிதான், வளர்ந்து 1958-இல் ஹைதராபாத்துக்குக் குடிபோய், 1969 முதல் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் என்ற பெயரில் நடக்கிறது. ஸ்கர்வி வரவைக்கும் உணவைக் கினிப்பன்றிகளுக்குக் கொடுத்து அட்ரீனல் சுரப்பி என்ன ஆகிறது என்று அவரும் பார்த்தார். பிறகு ஆயிரக்கணக்கில் எலிகள்.

அவர் செய்த பிரபலமான காரியம், இந்தியாவின் ஒவ்வொரு பக்கத்துச் சாப்பாட்டையும் எலிகளுக்குப் போட்டுப் பார்த்தது. சப்பாத்தி, பால், தயிர், வெண்ணெய், பருப்பு, பச்சைக் காய்கறி தின்ற 'சீக்கிய' எலிகள் முதலிடம். தீட்டிய அரிசியை நம்பிய 'மதராஸி' எலிகளும் 'வங்காளி' எலிகளும் கடைசி. எங்கள் கிளையில் ஒரு சர்தார்ஜி நண்பரிடம் இதைச் சொன்னேன். அன்றிலிருந்து என் டிபன் பாக்ஸைத் திறக்கும்போதெல்லாம் அனுதாபத்தோடு பார்க்கிறார் :-)

அப்படியானால் முதலிடச் சாப்பாட்டு மாகாணத்தில் குழந்தைகளுக்கு ஏன் கல்? மெக்கரிசன் எலிகளுக்குக் கோதுமை மாவை முக்கியமாக வைத்து, பாலையும் வைட்டமின் ஏ உள்ள பொருள்களையும் நிறுத்தினார். சிறுநீர்ப்பையில் கல் விழுந்தது. பால் சேர்த்தால் விழவில்லை. 1931-இல் இந்தியாவில் கல்லடைப்பு வரும் காரணம் பற்றி எழுதினார். மாகாணத்தைப் பார்த்து நோய் வரவில்லை, குவளையில் பால் உண்டா இல்லையா என்று பார்த்து வந்தது. பால் கறக்கும் வீட்டுப் பிள்ளைக்கு ஆரோக்கியம். அதே ஊரில் வெறும் ரொட்டி தின்ற பிள்ளைக்குக் கல். பின்னால் வந்தவர்கள் வைட்டமின் ஏ மட்டுமே காரணம் என்பதை ஏற்கவில்லை. பாலும் புரதமும் குறைந்து, தானியமே சாப்பாடாக இருப்பதும், உடம்பில் நீர் வற்றுவதும்தான் காரணம் என்றார்கள். சாப்பாடு மேம்பட்டதும் குழந்தைகளின் சிறுநீர்ப்பைக் கல் இங்கே வெகுவாகக் குறைந்துவிட்டது.

கல்லின் வேர் தட்டில் இருக்கிறது என்று குன்னூர் எலிகள் காட்டின. சரி, மிளகின் தட்டில் என்ன இருந்தது?

பர்சீம். பஞ்சாபில் குளிர்காலம் முழுக்க வயலெல்லாம் பச்சைப் பசேலென்று நிற்கும் மாட்டுத் தீவனம். பால்காரர் தினமும் காலையில் ஒரு கட்டு, பாசத்தோடு சும்மாவே கொடுப்பார். மிளகும் ஆசையாகத் தின்னும். பர்சீம் பார்க்கப் புல் மாதிரி இருந்தாலும் பயறு வகைச் செடி. கால்சியம் மிக அதிகம். கறவை மாட்டுக்கு அது தேவை, பாலாகப் போய்விடும். கினிப்பன்றிக்கு?

நம் உடம்பு, வேண்டிய கால்சியத்தை மட்டும் குடலில் வாங்கிக்கொண்டு பாக்கியை மலத்தோடு அனுப்பிவிடும். கினிப்பன்றியின் உடம்போ, வருகிற டெபாசிட்டில் பெரும்பகுதியைக் கேள்வி கேட்காமல் வரவு வைத்துக்கொண்டு, மிச்சத்தைச் சிறுநீர் என்ற ஒரே கவுண்டரில் பட்டுவாடா செய்யும் கிளை மாதிரி. அதன் சிறுநீர் சாதாரணமாகவே கலங்கலாக, காரத்தன்மையோடு இருக்கும். காய்ந்தால் வெள்ளைத் தூள் படியும். அளவு கூடி, தண்ணீர் குடிப்பதும் ஓட்டமும் குறைந்தால் தூள் கல்லாகிறது. பர்சீம் ஒன்றே காரணம் என்று டாக்டரும் அடித்துச் சொல்லவில்லை. பிறவிவாகு, தொற்று என்று பல சங்கதி இருக்கிறதாம். ஆனால் நம்மால் மாற்ற முடிந்தது தீவனம் ஒன்றுதான்.

யாரும் கேட்காத கேள்வி

இங்கேதான் எனக்குத் தூக்கிப் போட்டது. 230 வருடம் சோதனைச்சாலையில் இருந்த பிராணி. அதன் ஈறு, எலும்பு, அட்ரீனல், நுரையீரல் எல்லாம் பக்கம் பக்கமாக எழுதியாகிவிட்டது. ஆனால் அதன் சிறுநீர்ப்பையில் வரும் கல் எதனால் ஆனது என்ற எளிய விஷயம், வளர்ப்புப் பிராணி மருத்துவப் புத்தகங்களில் வெகுநாள் தப்பாகவே இருந்தது. நாய், பூனை, மனிதனுக்கு வருகிற கால்சியம் ஆக்சலேட், ஸ்ட்ருவைட்தான் இதற்கும் என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள். 2009-இல்தான் கலிபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்கள், கினிப்பன்றிகளிடமிருந்து எடுத்த கற்களைச் சரியாகச் சோதித்து, அவற்றில் 80 சதவீதத்துக்கும் மேல் சுத்தமான கால்சியம் கார்பனேட் என்று வெளியிட்டார்கள். முட்டை ஓடும் சுண்ணாம்புக்கல்லும் அதே சரக்குதான். நாய்க்கு வரும் சில கற்களைத் தீவனத்தாலேயே கரைக்கலாம். இதை அப்படிக் கரைக்க வழியில்லை. தானாக வெளியே வராவிட்டால் எடுக்கத்தான் வேண்டும்.

ஏன் இத்தனை தாமதம்? மூன்று மாதக் கணக்கை ஞாபகம் வைக்கச் சொன்னேனே, அதுதான் காரணம். ஆண்டீஸ் அடுப்படியில் கூய் சட்டிக்குப் போவது சுமார் மூன்று மாதத்தில். வைட்டமின் சோதனையில் அதன் ஆயுள் மூன்று மாதம். காசநோய்ச் சோதனையிலும் சில வாரங்கள். கல் விழுவதோ பெரும்பாலும் இரண்டு, மூன்று வயதுக்கு மேல். சரித்திரத்தில் இந்தப் பிராணியைக் கிழவியாகும் வரை உயிரோடு விட்டவர்கள் மிகக் குறைவு. கல் என்பது அதற்கு வயதானபின் வரும் நோய். மடியில் வைத்து ஐந்தாறு வருடம் வளர்க்கும் வீடுகள் பெருகிய பிறகுதான் அந்த நோயையே உட்கார்ந்து பார்க்க ஆள் கிடைத்தது.

நம்முடைய நோய்களைத் தெரிந்துகொள்ள அது கொடுத்த உயிர்கள் எத்தனை லட்சமோ. அதனுடைய நோயைத் தெரிந்துகொள்ள நாம் கொடுத்தது, ஒரு சில வருடங்கள்.

ஆபரேஷன்

நான்காம் நாள் மிளகு தானாக ஒரு புல்லை இழுத்தது. மகள் பள்ளிக்கூடம் கிளம்பும் அவசரத்தில் ஷூவோடு வீட்டுக்குள் ஓடி வந்து பார்த்தாள். தங்கமணி திட்டவில்லை.

ஆபரேஷன் செலவு, மிளகை வாங்கிய விலையைப் போல் 11 மடங்கு. மனதுக்குள் கணக்குப் போடவில்லை என்று சொன்னால் பொய். கும்பகோணத்திலிருந்து அம்மா போனில், "ஏண்டா, எலிக்கா ஆபரேஷன்?" என்றாள். அன்றைக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. பத்தாம் நாள், வாயு மயக்கம் கொடுத்து, அரை மணி நேரத்தில் கல்லை எடுத்தார்கள். மயக்கத்திலேயே போய்விடலாம் என்று முன்கூட்டியே சொல்லிக் கையெழுத்து வாங்கினார் டாக்டர். சுசுருதர் ஞாபகம் வந்தது. மகளிடம் மறைக்கவில்லை. அவளும் வாசல் பெஞ்சில் எங்களோடு உட்கார்ந்திருந்தாள்.

மிளகு பிழைத்தது. கல் மறுபடி வரலாம் என்கிறார் டாக்டர், இதில் அது சகஜமாம். அதனால் ஆறு மாதத்துக்கு ஒரு எக்ஸ்ரே. பால்காரருக்கு இன்னும் என்மேல் வருத்தம், இலவசப் பர்சீமை வேண்டாம் என்றவன் இந்த ஊரிலேயே நான் ஒருவன்தானாம். பர்சீமுக்குப் பதில் காய்ந்த ஓட்ஸ் தட்டை வாங்குகிறோம். கல் ஒரு சின்ன மருந்துப் புட்டியில் மகளின் மேசை மேல் இருக்கிறது. பெப்பிஸ் கதையைச் சொன்னேன், அவளும் அட்டையில் ஒரு பெட்டி செய்துவிட்டாள்.

அம்மாவுக்கு அப்புறம் ஒரு நாள் சொன்னேன். "எலி இல்லம்மா. நம்ம ரசத்துப் புளியைக்கூட நமக்கு முன்னாடி தின்னு பார்த்துச் சொன்ன ஜாதி. வயசான காலத்துல ஒரு தடவை நாம பார்த்துக்கக் கூடாதா?"

"சரி சரி, தண்ணி நிறையக் குடுங்கோ அதுக்கு" என்றாள்.

பி.கு: வீட்டில் கினிப்பன்றி வளர்ப்பவர்களுக்கு. வெள்ளைக் கலங்கல் சாதாரணம். சிவப்பு, கூனல், கத்தல், சொட்டுச் சொட்டாகப் போவது சாதாரணம் இல்லை. ஆணாக இருந்து சிறுநீர் அடைத்துக்கொண்டால் அன்றைக்கே டாக்டரிடம் போக வேண்டும். வைட்டமின் சி ஒரு கிலோ எடைக்கு நாளொன்றுக்கு 10 முதல் 30 மில்லிகிராம். தண்ணீரில் கலந்தால் வீணாகும், நேராகக் கொடுங்கள். காய்ந்த புல்லும் அருகம்புல்லும் நல்லது. நம் பக்கத்து அகத்தி, முருங்கை இரண்டிலும் கால்சியம் மிக அதிகம், தவிர்த்துவிடுங்கள். மருந்து எழுதும்போது, "டாக்டர், இது பென்சிலின் வகையா?" என்று கூச்சப்படாமல் கேளுங்கள்.